பால் பரிசோதனை அறைக்கு இன்னும் ரூ.31,500 வேண்டும்

ஆடுகோடி வாழ் பெரியோர்களே, கறவை மாடு வைத்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

ஆண்டவன் அருளால் மாட்டுப் பொங்கலன்று அறையைத் திறக்க முடிவாகியிருக்கிறது. ஆனால் பாலின் கொழுப்பைப் பிரித்துக் காட்டும் சுழற்றி இயந்திரத்துக்குக் கடைக்காரர் சொன்ன விலை டிசம்பர் 31 வரைதான் நிற்கும்.

நம் பகுதியின் பெருமை பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 1923-இல் பெங்களூரில் தொடங்கிய இம்பீரியல் கால்நடை, பால்பண்ணை நிறுவனம்தான் இன்று ஆடுகோடியில் தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமாக இருக்கிறது. 1927-இல் காந்தியடிகள் அங்கே வந்து மாடு வளர்ப்பைக் கற்றுக்கொண்டார். சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்த வர்கீஸ் குரியன், அமெரிக்கா போகுமுன் பயிற்சி பெற்றதும் அங்கேதான். பிறகு குஜராத்தின் ஆனந்தில், 1946-இல் பிறந்த கைரா பால் கூட்டுறவு ஒன்றியத்தை (அமுல்) அவர் வளர்த்தது நாடறிந்தது.

கூட்டுறவு நிலைப்பதற்குப் பாலின் கொழுப்பை அளந்து அதற்கேற்பக் காசு கொடுக்க வேண்டும். 1890-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பாப்காக் என்ற வேதியியலாளர் அதற்கொரு சோதனையைக் கண்டுபிடித்து, காப்புரிமை வாங்காமல் ஊருக்கே கொடுத்தார். அதுவரை எடைக்குத்தான் காசு. தண்ணீர் கலந்தவருக்கே லாபம். பாலின் அடர்த்தியைக் காட்டும் லேக்டோமீட்டர் மட்டும் போதாது: பாலாடையை எடுத்தால் அளவு ஏறும், தண்ணீர் விட்டால் இறங்கும், இரண்டையும் செய்தால் நல்ல பால் போலவே காட்டும்.

நாம் வைக்கப்போவது கொழுப்பை அளக்கும் இன்னொரு சோதனையான கெர்பர் முறை. குழாயில் கந்தக அமிலம் 10 மி.லி., அதன்மேல் பக்கவாட்டில் மெல்லப் பால் 10.75 மி.லி., பிறகு அமைல் ஆல்கஹால் 1 மி.லி.; மூடிக் குலுக்கி, நிமிடத்துக்கு 1,100 சுற்றில் சுழற்றி, 65 டிகிரி வெந்நீரில் வைத்துப் படிக்க வேண்டும். அமிலம் வீரியம் கூடினால் கொழுப்பில் கருந்துகள் தெரியும். குறைந்தால் வெள்ளைத் திப்பி நிற்கும். இரண்டிலும் கணக்கு தப்பும். மலிவு அமிலம் வாங்க மாட்டோம் என்பது அதனால்தான்.

இயந்திரம் ரூ.26,000. குழாய்கள் 24-க்கு ரூ.8,400. வெந்நீர்த் தொட்டி ரூ.9,000. அமிலம், அளவைகள் ரூ.7,600. தொட்டி, ஓடு, காற்றுப்போக்கி ரூ.34,000. ஆக ரூ.85,000, வந்தது ரூ.53,500.

ஒருநாள் கறவைப் பணம் முழுவதையும் தந்த குடும்பங்களுக்கும், வாடகையின்றி அறை விட்ட கோயில் தர்மகர்த்தாக்களுக்கும், கூலி வாங்காமல் ஓடு பதித்த மேஸ்திரிக்கும், வளையல் அடகு வைத்து ஆயிரம் கொடுத்த அம்மாவுக்கும் எங்கள் நன்றி எந்நாளும் உண்டு. அவர் கொடுத்த பிறகும், பால் காசில் பிள்ளைகளை இன்ஜினியர் ஆக்கிய சில வீடுகள் நூறு ரூபாய்கூடத் தராமல் இருப்பது நியாயமா? கொடுத்தவர் பெயர்கள் திறப்பு நாளில் கோயில் பலகையில் இருக்கும்.

மாலை 6 முதல் 8 வரை கோயில் அலுவலகத்தில் பொருளாளரிடம் செலுத்தலாம். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் தர வேண்டாம்.

இப்படிக்கு,
பரிசோதனை அறைக் குழுவினர்