தோட்ட வேலை முடிஞ்சாச்சு, உறுப்பினர்களுக்கு கமிட்டி தர்ற கணக்கு

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். தெருமுனையில வருஷக்கணக்கா பூட்டிக்கிடந்த காலியிடத்துல நாம சேர்ந்து ஆரம்பிச்ச தோட்ட வேலை முடிஞ்சிருச்சு. 14 மேட்டுப்பாத்தி, 2 தண்ணி டேங்க், 3 கம்போஸ்ட் தொட்டி, சுத்தி வேலி, நடைபாதை எல்லாம் ரெடி. அஞ்சு மாசத்துல முடிக்கிறோம்னு சொன்னோம், எட்டு மாசம் ஆச்சு. எஸ்டிமேட்டை விட 12 சதவீதம் கூட செலவாச்சு. ரெண்டும் உண்மைதான், மறைக்க ஒண்ணும் இல்ல. ஆனா போன கூட்டத்துல கமிட்டி கமிஷன் வாங்கிருச்சுன்னு ஒருத்தர் எந்திரிச்சு சொன்னாரு, அதை கேட்டுட்டு அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. அதனால செயலாளரா நானே உக்காந்து முழுசா எழுதுறேன், நீளமா இருந்தாலும் தயவுசெஞ்சு படிச்சிருங்க.

முதல்ல மண்ணு விஷயம். கூடுதல் செலவு பூராவும் அதுலதான். எஸ்டிமேட்ல மண்ணுக்குன்னு நாலுல ஒரு பங்கு வச்சிருந்தோம், முடிக்கிறப்போ மொத்த செலவுல மூணுல ஒரு பங்கு மண்ணாவே போயிருக்கு.

நடந்தது இதுதான். கான்ட்ராக்டர் 14 பாத்தியும் ரொப்பி முடிச்சிட்டேன்னு போன் பண்ணாரு, போய் பார்த்தோம், மேல பொலபொலன்னு மண்ணு, மட்டமா சமப்படுத்தி பார்க்கவே நல்லா இருந்துச்சு, அடுத்த வாரம் விதைக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். ரெண்டு நாள் கழிச்சு நம்ம பொருளாளர் அக்கா 6ஆம் பாத்தியில தக்காளிக்கு குச்சி ஊனிப் பார்க்கலாம்னு போனாங்க. ஒரு சாண் சுலபமா இறங்குச்சு, அதுக்கப்புறம் டக்குனு நின்னுருச்சு. இடம் மாத்தி ஊனினா அங்கயும் அதே கதை. கையால தோண்டினா டைல்ஸ் துண்டு வருது, முதுகுப்பக்கம் கோடு கோடா இருக்குமே, அந்த இடுக்குல காஞ்ச சிமெண்ட் அப்படியே ஒட்டியிருக்கு. அதுக்கு கீழ செங்கல் துண்டு, சாந்துக் கட்டி, வளைஞ்ச கம்பி ஒண்ணு. எனக்கு போன் பண்ணப்போ அக்கா குரலே சரியில்ல. அன்னைக்கு சாயங்காலமே ஆறு பேரு கடப்பாரையோட போய் எல்லா பாத்தியிலயும் குழி போட்டு பார்த்தோம். 9 பாத்தியில அடியில ரப்பிஷ், மேல ஒரு சாணுக்கு மட்டும் நல்ல மண்ணு.

"மேல நல்ல மண்ணு இருக்குல்ல, கீரை வந்துட்டு போகுது, எதுக்கு வேலையை நிறுத்துனீங்க"ன்னு பலபேரு கேட்டீங்க. கீரைக்கு வேர் ஆழமா போகாது, அது வரைக்கும் சரிதான். ஆனா தக்காளி, கத்தரி, அவரை மாதிரி செடிக்கெல்லாம் ஆழம் வேணும்னுதானே 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு பாத்தியே கட்டினோம். அதோட சிமெண்ட்லயும் சாந்துலயும் சுண்ணாம்பு இருக்கு, அது மண்ணோட காரத்தை ஏத்திவிட்டுரும். அடியில இருந்த மண்ணை ஒரு டம்ளர்ல போட்டு வினிகர் ஊத்தினோம், சோடா மாதிரி நுரைச்சு பொங்குச்சு. மேல் மண்ணுல ஊத்தினப்போ ஒண்ணுமே ஆகல. லேப்ல குடுத்து பார்த்தா pH, அதாவது நம்ம பாஷையில கார அமில அளவு, 8.4னு வந்துச்சு. பெரும்பாலான காய்கறிக்கு 6ல இருந்து 7 வரைக்கும் இருந்தாத்தான் சௌகரியம். காரம் கூடினா மண்ணுல இரும்புச்சத்து இருந்தும் செடியால எடுத்துக்க முடியாது, புது இலையெல்லாம் நரம்பு மட்டும் பச்சையா, மத்தது மஞ்சளா போயிரும். கந்தகம் போட்டு சரி பண்ணலாமேன்னு ஒரு அண்ணன் சொன்னாரு, சுண்ணாம்பு கலந்த மண்ணுல போடப்போட அந்த சுண்ணாம்பே அதை தின்னுரும், வருஷம் வருஷமா போட்டாலும் தீராது. அள்ளி வெளிய போடறது ஒண்ணுதான் வழி. அதான் வேலையை அஞ்சு வாரம் நிறுத்தினோம், விதைக்கிற பருவம் தள்ளிப்போச்சு. திரும்ப இதே நிலைமை வந்தாலும் நிறுத்தத்தான் செய்வோம்.

கான்ட்ராக்டர் சொன்ன பதில் என்னன்னா, அக்ரிமெண்ட்ல "நல்ல மண் கொண்டு ரொப்பணும்"னுதான் இருக்கு, அடி மண்ணு எப்படி இருக்கணும்னு எங்க எழுதியிருக்கீங்கன்னாரு. அது நம்ம தப்பு. கமிட்டி தப்பு. சலிச்ச மண்ணு, தொழுவுரம் எத்தனை பங்கு, கட்டிடக் கழிவு ஒரு துண்டு கூட இருக்கக்கூடாது, இறக்குறதுக்கு முன்னாடி சோதிச்சுத்தான் எடுப்போம், இதெல்லாம் எழுத்துல இருந்திருக்கணும். இல்ல. அதனாலதான் கேஸ் போடணும்னு நீங்க சொன்னப்போ நாங்க தயங்கினோம், ரெண்டே வார்த்தையை கையில வச்சுக்கிட்டு வருஷக்கணக்குல அலையறதுக்கு இந்த கமிட்டியில யாருக்கும் தெம்பு இல்ல, அதுவரைக்கும் இடமும் சும்மாத்தான் கிடக்கும். நாலு தடவை உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ரப்பிஷை அவரே அவர் ஆளு, அவர் வண்டி வச்சு எடுத்துட்டு போகணும், புது மண்ணு நாம வாங்குறோம், அவருக்கு தரவேண்டிய கடைசி தவணையில பாதியை பிடிச்சுக்கிறோம். பிடிச்ச பாதி புது மண்ணு செலவுக்கு பத்தல, மிச்சம்தான் அந்த 12 சதவீதம். கமிஷன்னு சொன்னவருக்கு ஒண்ணு சொல்லணும், மூணு கொட்டேஷனையும் பொதுக்கூட்டத்துல வச்சுத்தான் பிரிச்சோம், கம்மியா கேட்டவருக்குத்தான் குடுத்தோம், வந்திருந்த எல்லாரும் கையெழுத்து போட்டிருக்கீங்க, நோட்டு பொருளாளர்கிட்ட இருக்கு.

புது மண்ணு ஒவ்வொரு லோடும் வண்டியிலயே நிறுத்தி வினிகர் ஊத்தி பார்த்தோம். ஒரு பாட்டில்ல மண்ணும் தண்ணியும் போட்டு குலுக்கி வச்சும் பார்த்தோம், மணல் ஒரு நிமிஷத்துல அடியில உக்காந்துரும், வண்டல் சில மணி நேரத்துல, களிமண்ணு படிய ஒரு நாளாவது ஆகும், மண்ணோட வாகு அதுலயே தெரிஞ்சிரும். ரெண்டு லோடை இறக்காமலே திருப்பி அனுப்பினோம். டிரைவர் தம்பிக்கு ரெண்டு நாள் வேலை கெட்டுது, அதுக்கு வருத்தம்தான்.

"அளவுக்கு மேல மண்ணு ஏன் ஆர்டர் பண்ணீங்க"ன்னும் ஒரு கேள்வி. ஒரு பாத்தி 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரம், 14 பாத்திக்கு கிட்டத்தட்ட 23 கன மீட்டர் வருது. புதுசா போட்ட மண்ணு தண்ணி பட்டா அமுங்கும், அதுக்குத்தான் 28 வாங்கினோம். இப்பவே நாலு விரக்கடை இறங்கியிருக்கு, போய் பாருங்க. அகலம் ஏன் 1.2னா ரெண்டு பக்கமும் நின்னு நடுவுல கை எட்டணும், உள்ள கால் வச்சு மிதிச்சா மண்ணு இறுகிரும்.

அடுத்தது ரோட்டோர மூலை. நல்லா வெயில் விழுற இடத்துல காய்கறி போடாம பூச்செடி வச்சிருக்காங்கன்னு நிறைய பேருக்கு கோவம். மண் பரிசோதனையில அந்த மூலையில மட்டும் ஈயம் ஜாஸ்தியா இருந்துச்சு. முன்னாடி அங்க பழைய கட்டிடம் இருந்துச்சு, அந்தக்காலத்து பெயிண்ட்ல ஈயம் உண்டு, பெட்ரோல்லயும் கலந்துதான் வித்தாங்க, உலகத்துல கடைசி நாடு அதை நிறுத்தினதே 2021லதான். ஈயம் மக்கிப் போற பொருள் இல்ல, விழுந்த மண்ணுலயே கிடக்கும். காய்க்குள்ள ஏறுறதை விட இலையிலயும் கிழங்குலயும் ஒட்டுற மண்ணு, குழந்தைங்க கையில ஒட்டி வாய்க்கு போற மண்ணு, அதுலதான் ஆபத்து. அதனால அந்த மூலையை மூடி, தேனீ வர்ற பூச்செடி போட்டிருக்கோம். பூ இருந்தாத்தான் பூசணிக்கும் வெள்ளரிக்கும் தேனீ வந்து காய் பிடிக்கும், அந்த இடம் வீண் இல்ல.

ஒருத்தர் மனசு நோகும்படி நடந்ததையும் சொல்லணும். பழைய ரயில் தண்டவாளக் கட்டை 30 சும்மாவே தர்றேன்னு நம்ம மூத்த உறுப்பினர் ஒருத்தர் சொன்னாரு, நாங்க வேணாம்னுட்டோம், அவரு அதுக்கப்புறம் கூட்டத்துக்கே வரல. ஐயா, உங்க மனசை நாங்க குறைவா நினைக்கல. அந்த கட்டை உளுத்துப் போகாம இருக்க கிரியோசோட்னு ஒரு தார் எண்ணெயில ஊறவச்சிருப்பாங்க, அது சாப்பிடுற செடி பக்கத்துல ஆகாது. நேர்ல வந்து விளக்காம போன்ல சொன்னது எங்க தப்பு, மன்னிச்சிருங்க, தோட்டத்துக்கு வாங்க.

முதல் கூட்டத்துல "டவுன்ல இதெல்லாம் நடக்குற காரியமா"ன்னு கேட்டவங்களுக்கு அன்னைக்கு என்னால சரியா பதில் சொல்ல முடியல. நியூயார்க்ல 1973ல லிஸ் கிறிஸ்டின்னு ஒரு ஓவியர் கூட்டாளிகளோட சேர்ந்து குப்பை நிறைஞ்ச காலிமனையை சுத்தம் பண்ணி மண்ணு கொண்டுவந்து 60 மேட்டுப்பாத்தி போட்டாங்க, அந்த தோட்டம் இன்னைக்கும் இருக்கு. சோவியத் யூனியன் உடைஞ்சதும் கியூபாவுக்கு எண்ணெய் வரத்தும் உர வரத்தும் அடிபட்டுருச்சு, ஹவானா நகரத்துல சும்மா கிடந்த மனையிலெல்லாம் தாழ்வா சுவர் கட்டி, மண்ணும் மக்கின உரமும் ரொப்பி காய்கறி விளைவிச்சாங்க. ரெண்டு ஊர்லயும் இடத்துல இருந்த மண்ணு உதவல, நல்ல மண்ணு கொண்டுவந்துதான் ஆரம்பிச்சிருக்காங்க. நாமளும் அதைத்தான் செஞ்சிருக்கோம்.

கம்போஸ்ட் முதல் மாசம் நாறுச்சு, பக்கத்து வீட்டுக்காரங்க பொறுத்துக்கிட்டாங்க, அவங்களுக்கு பெரிய நன்றி. காய்கறிக்கழிவு மட்டும் கொட்டி காஞ்ச இலை போடாததுதான் காரணம். இப்போ ஒரு வாளி கழிவுக்கு ரெண்டு மூணு வாளி சருகு, வாரம் ஒரு தடவை கிளறுறோம், உள்ள சூடு 60 டிகிரி வரைக்கும் ஏறுது, நாத்தம் இல்ல.

ஹால் கூரை 120 சதுர மீட்டர், 10 மில்லிமீட்டர் மழைக்கே 1200 லிட்டர் வரும், ரெண்டு டேங்குக்கும் குழாய் குடுத்து கொசுவலை கட்டியாச்சு. வேலி, கேட், நடைபாதை, சொட்டுநீர் குழாய் எல்லாம் சொன்ன நாள்ல சொன்ன செலவுல முடிஞ்சது.

உதவினவங்க பேரெல்லாம் போர்டுல எழுதியிருக்கோம், இங்க சொல்லாம விட மனசு வரல. டேங்க் ரெண்டும் கார்னர் வீட்டு டாக்டரம்மா, கேட் வெல்டிங் கூலி வாங்காம செஞ்சது பட்டறை அண்ணன், மண்வெட்டியும் பூவாளியும் மாடிவீட்டு அக்கா தங்கச்சி ரெண்டு பேரும், வேலிக்கம்பி ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சார், விதை கடைசி வீட்டு பாட்டி தன் கையால எடுத்து வச்சது, லேப் செலவு பேர் சொல்ல வேணாம்னவரு, பெஞ்சு டெய்லர் அண்ணன், நிழல்வலை மருந்துக்கடைக்காரர், உண்டியல்ல சேர்த்த காசை கொண்டுவந்து குடுத்த நாலாங்கிளாஸ் பொண்ணு, ரப்பிஷ் அள்ளினப்போ மூணு ஞாயித்துக்கிழமை சட்டி தூக்கின பசங்க பன்னெண்டு பேரு.

பில் ஃபைல் பொருளாளர் வீட்டுல இருக்கு, இந்த மாசம் பூரா எந்த சாயங்காலமும் போய் பார்க்கலாம், சந்தேகம் இருந்தா அங்கயே எழுதி வச்சிட்டு வாங்க, பதில் எழுத்துலயே தர்றோம். பாத்தி ஒதுக்கீட்டுக்கு சீட்டு குலுக்குறது அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில. 6ஆம் பாத்தியை மட்டும் சீட்டுல சேர்க்கல, அது பொருளாளர் அக்காவுக்குன்னு கமிட்டி முடிவு பண்ணியிருக்கு, ஆட்சேபனை இருந்தா அன்னைக்கு சொல்லுங்க.