செயலாளர் ஆண்டறிக்கை: யாருடைய கையில் நம் வழங்கல்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கட்டற்ற மென்பொருள் பயனர் சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி ஒன்றுதான்: லினக்ஸ் வழங்கல்களில் (லினக்ஸ் இயங்குதளத்தைத் தேவையான மென்பொருள்களோடு சேர்த்துத் தரும் தொகுப்புகளில்) ஒன்றிரண்டு மட்டும் ஓங்கி நிற்கும்போது, எதை நம்பி சர்வரை ஒப்படைப்பது?

அதிகம் பேசப்பட்டது சென்ட்ஓஎஸ். ரெட்ஹேட் நிறுவனத்தின் வணிக வழங்கலை அதன் மூலநிரலிலிருந்து உருவாக்கி இலவசமாகத் தந்துவந்த திட்டம் அது. 2014-ல் ரெட்ஹேட்டுடனேயே சேர்ந்தது. 2019-ல் ரெட்ஹேட்டை ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. சென்ட்ஓஎஸ் எட்டாம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு என்று பலரும் நம்பியிருக்க, 2021 இறுதியோடு சரி என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அந்த இடத்தை நிரப்ப அல்மா, ராக்கி என இரண்டு வழங்கல்கள் முளைத்தன. அப்புறம் 2023 ஜூனில், தன் வணிக வழங்கலின் மூலநிரலைப் பொதுவில் தருவதை ரெட்ஹேட் நிறுத்தி, அதற்கு முன்னோட்டமான சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீமின் மூலநிரலை மட்டும் பொதுவில் விட்டுவைத்தது. உடனே ஆரக்கிள், சூசே, சிஐக்யூ நிறுவனங்கள் மூன்றும் கைகோத்து ஓப்பன்இஎல்ஏ என்ற அமைப்பைத் தொடங்கின. சொந்த வழங்கல் வைத்திருக்கும் சூசேகூட ரெட்ஹேட்டுக்கு இணக்கமான மூலநிரலைக் காக்க வேண்டியிருக்கிறது. வணிக மென்பொருள்கள் பலவும் ரெட்ஹேட்டில் ஓடும் என்றே சான்று பெறுவதுதான் காரணம். ஆதிக்கம் என்பது இதுதான். பயனர் எண்ணிக்கை அப்புறம்.

மேசைக் கணினியில், கனோனிக்கல் நிறுவனம் தரும் உபுண்டு வழங்கலின் கதை வேறு. அங்கே மென்பொருள் நிறுவும் ஏபிடி கட்டளையில் குரோமியம் உலாவியைக் கேட்டால் வருவது வழக்கமான டெப் பொதி அல்ல, கனோனிக்கலின் சொந்தப் பொதி வடிவமான ஸ்னாப். ஸ்னாப் கடையின் சர்வர் நிரலோ கனோனிக்கலிடம் மூடியே இருக்கிறது. உபுண்டுவின் மேல் கட்டப்பட்ட மிண்ட் என்ற வழங்கல், 2020-ல் ஸ்னாப் தானாக நுழைவதைத் தடுத்தது. உபுண்டு இல்லாமல் போனாலும் தாக்குப்பிடிக்க, உபுண்டுவுக்கே அடித்தளமான டெபியன் வழங்கலின் மேல் நேரடியாக ஒரு பதிப்பையும் வைத்திருக்கிறது. இந்த முன்யோசனையை மனதாரப் பாராட்டுகிறேன்.

சங்கத்தின் சர்வரை டெபியனுக்கு மாற்றலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. 1993 முதல் இயங்கும் டெபியனை எந்த நிறுவனமும் விலைக்கு வாங்க முடியாது. தலைவரை உருவாக்குநர்களே ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அதைத் தாங்குவது தன்னார்வலர்களின் உழைப்பு. ஆகவே வரும் ஆண்டில் பொதிப் பராமரிப்பு, வழு அறிக்கை, தமிழாக்கம் மூன்றுக்கும் உறுப்பினர்கள் பெயர் கொடுக்க வேண்டும். சர்வர் மாற்றத்துக்கான தீர்மானத்தை அவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்