நிரையில் நின்ற கை

சுங்கை சிப்புட்,
ஞாயிறு காலை

அன்புள்ள லெட்சுமி,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. விடியற்காலை மூன்று மணிக்கு, தொழிற்சாலையில் நீ பார்த்துச் சோதிக்கும் மின்சுற்றுப் பலகைகளில் ஈயம் சரியாக ஒட்டாத ஒன்று உன் கண் முன்னாலேயே நல்ல பலகைகளோடு போய்விட்டது, எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அதைவிட, "எனக்குப் பொறுப்பு குறைந்துவிட்டதோ" என்ற வரிதான் மனதை உறுத்துகிறது. நம் தோட்டத்து லயத்தில் உன்னைவிடப் பொறுப்பான பிள்ளை யாரடி இருந்தது?

என் மகள் உளவியல் படிக்கிறாள் அல்லவா, லீவில் வந்தபோது எனக்கு ஒரு சோதனை வைத்தாள். இயன் ராபர்ட்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1997-இல் வெளியிட்டதாம். திரையில் 1 முதல் 9 வரை எண்கள் மாறி மாறி வரும். எது வந்தாலும் பட்டனைத் தட்ட வேண்டும். 3 வந்தால் மட்டும் தட்டக்கூடாது. நாலு நிமிட வேலைதான். ஆனால் ஒரு நிமிடத்துக்குள் விரல் தானாகத் தட்டப் பழகி, மனம் அடுப்பில் வேகும் பருப்புக்குப் போய்விட்டது. 3 வந்தது, தட்டிவிட்டேன். தட்டிய கையோடு நெஞ்சுக்குள் ஒரு 'ஐயோ'. அடுத்த எண்ணுக்கு விரல் தயங்கித்தான் இறங்கியது.

அந்த 'ஐயோ'வுக்கும் முன்னால் ஒன்று நடக்கிறதாம். தலையில் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தால், தவறாகத் தட்டிய பத்தில் ஒரு நொடிக்குள் முன்தலைக்கு நடுவில் ஒரு எதிர்மின் அலை எழுகிறது. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டன. தப்பு செய்துவிட்டோம் என்று நாம் உணர்வது அதற்குப் பிறகு, இன்னொரு அலையோடு. நாம் கவனிக்காமலே விட்ட தவறுக்கும் முதல் அலை எழுவதுண்டாம். தவறுக்குப் பின் கை மெதுவாவதை பேட்ரிக் ராபிட் 1966-இலேயே அளந்து எழுதிவிட்டார்.

இதைக் கேட்டதும் எனக்கு அம்மா ஞாபகம்தான். நெற்றியில் விளக்கோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது நான் பின்னாலேயே பால் வடியும் மங்கு துடைத்துப் போவேன். பட்டையில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம் விட்டு உளி நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் மரத்துக்குக் காயம். உளி ஆழம் போன அந்தக் கணமே அம்மாவின் மணிக்கட்டு நின்றுவிடும். பிறகுதான் குனிந்து விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பார். அடுத்த நாலைந்து மரங்களுக்குக் கை நிதானமாகப் போகும். கங்காணிக்குப் பயந்துதான் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு உளி சொல்லிவிடும். எனக்கு விரல் சொன்னது. உனக்கு? பலகை நகர்ந்துபோனபோது உன் கை எதுவுமே செய்யவில்லையே! தட்டாத கைக்கு 'ஐயோ' எங்கிருந்து வரும்? நான் புரிந்துகொண்ட வரை, உன் வேலையில் இதுதான் கொடுமை.

நார்மன் மேக்வொர்த் 1948-இல் வெளியிட்ட ஆய்வு உன் வேலையையே பார்த்து எழுதியதுபோல இருக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படையில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் ஏன் கோட்டைவிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க, ஒரு கடிகார முள்ளை இரண்டு மணி நேரம் பார்க்க வைத்தார். முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும். அதைச் சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே தவறவிடுவது கூடிவிட்டது. அவர்களெல்லாம் பொறுப்பில்லாதவர்களா? 2008-இல் வந்த இன்னொரு ஆய்வில், தவறு நடப்பதற்கு அரை நிமிடம் வரை முன்பே மூளையின் போக்கு மாறத் தொடங்கியிருந்தது. நீ பலகையைத் தவறவிட்ட நொடியை நினைத்து உன்னையே திட்டிக்கொள்கிறாய், லெட்சுமி. சறுக்கல் அதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம். அதுவும் இரவு ஷிப்டில்.

மேக்வொர்த் ஆட்களை அரை மணிக்கு ஒருமுறை மாற்றிவிட்டபோது கவனம் தேறியது. சூப்பர்வைசரிடம் இதைச் சொல்லி, பக்கத்து மேசைப் பெண்ணோடு இடம் மாற்றிக்கொள்ளக் கேள். பயமாக இருந்தால் எனக்கு எழுது, மலாயில் கடிதமாகவே எழுதித் தருகிறேன்.

நம் பழைய லயத்துக்குப் பின்னால் இருந்த பால்மரங்களை வெட்டிவிட்டார்கள், முழுக்கச் செம்பனை. அம்மாவின் உளியை அலமாரியில் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு நீ வரும்போது காட்டுகிறேன். பிடியில் கட்டைவிரல் பதிந்த பள்ளம் இன்னும் இருக்கிறது.

உன் அன்பு,
சரசு