கணினிப் பெட்டிமேல் இரைச்சலையும் எழுதச் சொல்லுங்கள்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அதிகாரிகளுக்கு, உதகையிலும் குன்னூரிலும் கணினி விற்று, பழுது பார்த்து வரும் நாங்கள் எழுதுவது. வணக்கம்.

2012-ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணைக்குப் பிறகு, லேப்டாப்பில் உங்கள் பதிவு எண்ணைப் பார்த்தே ஜனங்கள் நம்பி வாங்குகிறார்கள். ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்ற தைரியம் அதில் கிடைக்கிறது. ராத்திரியில் அது எவ்வளவு இரையும் என்பது மட்டும் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிகிறது.

சென்னையில் தலைக்கு மேல் ஓடும் சீலிங் ஃபேனில் கணினிச் சத்தம் அமுங்கிவிடும். உதகையில் பெரும்பாலான வீடுகளில் சீலிங் ஃபேனே கிடையாது. பனிக்காலத்தில் ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். சின்னப் பிள்ளை தூங்க, மூத்தது அதே அறையில் கணினியில் படிக்கும் வீடுகள் இங்கே நிறைய. அங்கே 35 டெசிபல்கூடத் துல்லியமாகக் காதில் விழும்.

சில கம்பெனிகள் அளவைக் கொடுக்கவே செய்கின்றன. ஆனால் இரண்டு விதமாகக் கொடுக்கின்றன. ஒன்று ஒலித்திறன்: இயந்திரம் மொத்தமாக வெளிவிடும் சத்தம். ஐஎஸ்ஓ 9296 என்ற சர்வதேசத் தரத்தின் வழியில் இதைப் பெல் கணக்கில் எழுதுவது வழக்கம். மற்றது ஒலியழுத்தம்: ஓரிடத்தில் காதுக்கு வந்து சேரும் சத்தம், டெசிபலில். ஒரு தாளில் 3.9 பெல், இன்னொன்றில் 28 டெசிபல் என்றிருந்தால், எண் சிறிது என்று வாங்க வந்தவர் 3.9-ஐத்தான் காட்டுவார்.

ஒரு பெல் பத்து டெசிபல். ஆக அது 39. தரைமேல் வைத்து, சுவர் எதிரொலி இல்லாத இடத்தில் அளந்தால், 1 மீட்டர் தள்ளி ஒலியழுத்தம் 8 கழித்து 31. அரை மீட்டரில் 2 மட்டும் கழித்து 37. அந்த 28-ஐ 1 மீட்டரில் அளந்திருந்தால் அதன் ஒலித்திறன் 36, முதல் பெட்டியைவிட அமைதி. 2 மீட்டரில் அளந்திருந்தால் 42, அதுதான் சத்தக்காரன். தூரத்தை எழுதாத அளவை வைத்து நாங்கள் எதைச் சொல்லி விற்பது?

எனவே ஒலித்திறனை மட்டும், டெசிபலில் மட்டும், பெட்டியின் மேல் அச்சிடச் சொல்லுங்கள். சும்மா இருக்கையில் ஒன்று, முழு வேலையில் ஒன்று என இரண்டு எண்கள் போதும். ஐரோப்பாவில் வாஷிங் மெஷின் லேபிளில் டெசிபல் இருக்கிறது. நம் ஊர்க் கணினிக்கும் முடியும்.

எண் ஒன்றே போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 முறை அதிரும். ரப்பர் வாஷர் இல்லாமல் முடுக்கினால் கேபினட் தகடும் சேர்ந்து உறுமும். காது கேட்கும் விதத்துக்கு ஏற்பச் சுருதிவாரியாகத் திருத்தும் வழக்கமான 'ஏ' எடையிட்ட டெசிபல் கணக்கு அந்தத் தாழ்ந்த சுருதியில் சுமார் 16 டெசிபலைக் கழித்துவிடுவதால், தாளில் அது தெரியாது. கிராஃபிக்ஸ் கார்டின் கீச்சொலியும் அப்படித்தான், எண் சிறிதாக இருந்தாலும் தூக்கத்தைக் கெடுக்கும். இப்படி ஒரே சுருதியில் தனித்துக் கேட்கும் ஒலிக்கு, 'தனிச்சுருதி உண்டு' அல்லது 'இல்லை' என்று ஒரு வரி சேருங்கள்.

கடைகளில் செல்போன் ஆப் வைத்து அளந்து காட்டுவதற்கும் ஒரு நெறி வேண்டும். முதலில் கணினியை அணைத்து அறையை அளக்க வேண்டும். போட்ட பிறகு 10 டெசிபல் ஏறினால் அந்த அளவை எடுக்கலாம். 3-கூட ஏறவில்லையென்றால் அளந்தது அறையைத்தான்.

கடைசியாக, உதகை 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே சூட்டை இறக்கக் கணினியின் ஃபேன் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். குளிர்ந்த இரவில் இது தெரியாது, ஏப்ரல் பகலில் முழு வேலை கொடுத்தால் தெரியும். ஃபேன் வேகம் இரட்டித்தால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் ஏறும். முழு வேலை எண்ணை எந்த வெப்பநிலையில், எந்த உயரத்தில் அளந்தார்கள் என்பதும் அந்த லேபிளிலேயே இருக்கட்டும்.