எங்கள் ஞாயிறுகளைக் காத்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், எங்களோடு நின்ற ஏற்காட்டுச் சொந்தங்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம்.

2025 ஏப்ரல் 20, ஈஸ்டர் விடியற்காலை ஆராதனையை எங்கள் சொந்த ஆலயத்துக்குள்ளேயே நடத்தினோம். புது மரவாசனையும் வார்னிஷ் வாசனையும் இன்னும் போகவில்லை. ஆராதனை முடிவில் ஆயர் ஐயா எல்லோருக்கும் நன்றி சொன்னார். ஆனால் அந்த நன்றியைக் கேட்க வேண்டியவர்களில் பாதிப்பேர் எங்கள் பெஞ்சுகளில் உட்காருகிறவர்கள் இல்லை. அதனால் எழுத்தில் போட்டுவிடலாம் என்று சபைக் கமிட்டியில் முடிவாயிற்று. செயலாளர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒண்டிக்கடை டீக்கடையில் இதன் ஒரு நகலை ஒட்டச் சொல்லியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் கிடைத்தவர்கள், போன் இல்லாத பக்கத்து வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டுங்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. கடலோரத்துச் சங்கதி, மலைக்கு என்ன என்றுதான் எல்லோரும் இருந்தோம். மறுநாள் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. குடையோடு வந்த கொஞ்சப் பேரை வைத்து முதல் மெழுகுவர்த்தியை ஏற்றி ஆராதனையை முடித்தோம். மழை விடவில்லை. திங்கள் காலைக்குள் ஏற்காட்டில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டிவிட்டது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்த ராத்திரியில்தான் ஆலயத்துக்கு மேற்கே நின்ற பெரிய சில்வர் ஓக் மரம், தன்மேல் படர்ந்திருந்த மிளகுக் கொடியோடு அப்படியே கூரைமேல் சாய்ந்தது. உத்திரம் இரண்டு முறிந்தது, ஓடுகள் பாதிக்கு மேல் போயின, பீடத்துக்குப் பின்னால் இருந்த சுவர் பிளந்தது. உள்ளே யாரும் இல்லை. அதே மழையில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு பேர் போனார்கள். அதையெல்லாம் பார்க்கும்போது எங்கள் நஷ்டத்தைப் பெரிதாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கிடைத்த உதவி பெரிது. அதைப் பேசித்தான் ஆக வேண்டும்.

முதலில் மேல்காட்டு மக்களுக்கு. திங்கட்கிழமை நாங்கள் போய்க் கூப்பிடவில்லை. மரம் விழுந்த சேதி கேட்டு, ஊர்க்கவுண்டர் தம் ஆட்களை வாளோடும் அரிவாளோடும் கூட்டிக்கொண்டு மழையிலேயே இறங்கி வந்தார். அவர்கள் வீடுகளிலும் கூரை பறந்திருந்தது. மரத்தை அப்படியே அறுத்தால் பாரம் மாறி மிச்சக் கூரையும் இறங்கிவிடும் என்று, நுனியிலிருந்து துண்டு துண்டாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். அதற்கும் முன்னால் ஒரு காரியம் செய்தார்கள். கொடியில் தொங்கிய பச்சை மிளகுச் சரங்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி, ஒரு சாக்கில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். "கோயில் மரத்து மிளகு டீச்சரம்மா, கோயிலுக்கே சேரணும்" என்றார் கவுண்டர். கூலி என்று ஒரு பைசா வாங்கவில்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு உழைக்கிற கைகள்தான் எங்கள் ஆலயத்து மரத்தையும் அகற்றின. ஐயா, உங்களுக்கும் உங்கள் ஊருக்கும் சபையின் முதல் நன்றி.

இரண்டாவது நன்றி எஸ்டேட் ஐயாவுக்கும் அம்மாவுக்கும். அடுத்த ஞாயிறு எங்கே கூடுவது என்று நாங்கள் தவித்துக்கொண்டிருந்தபோது, காபி குடோனின் சாவியைக் கொடுத்தனுப்பினார்கள். காபித் தோட்டம் தெரியாதவர்களுக்கு இதன் அருமை புரியாது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிக்கிற காலம். பல்பரில் தோல் நீக்கி, கழுவி, களத்தில் காயப்போட்டு, நாள் முழுக்கக் கிளறிவிட்டு, சாயந்திரம் பனி இறங்கும் முன்னால் குவித்துத் தார்ப்பாய் மூட வேண்டும். வெயில் இல்லாவிட்டால் காபி காயாது, பூஞ்சை பிடிக்கும். அந்த டிசம்பரில் வெயில் எங்கே அடித்தது? குடோனில் ஓர் அடி இடம்கூட அவர்களுக்குத் தேவைப்பட்ட நேரம் அது. அப்படியிருந்தும் ஒவ்வொரு சனிக்கிழமை சாயந்திரமும் மூட்டை தூக்கும் தம்பிகள் மூட்டைகளை ஒரு சுவரோரமாக அடுக்கி, கூட்டிப் பெருக்கி வைத்தார்கள். திங்கட்கிழமை காலையில் திரும்பப் பரப்பினார்கள். சாதாரணமாகக் காபிக் கொட்டை பொறுக்கும் மேசைதான் எங்களுக்கு அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து மேசை. அதில் வெள்ளை விரிப்பைப் போட்டு, இடிபாட்டுக்குள்ளிருந்து எடுத்த பாத்திரங்களைத் துலக்கி வைத்தபோது, பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் எல்லோர் கண்ணும் நிறைந்துவிட்டது. பாத்திரத்தில் ஒரு நசுங்கல் இருக்கிறது. அதைத் தட்டிச் சரிசெய்ய வேண்டாம் என்று கமிட்டி தீர்மானித்திருக்கிறது.

சிலர் எங்களைக் கேட்டார்கள்: ஏன் இவ்வளவு பாடு, கூரை சரியாகும்வரை டவுனில் வேறு ஆலயத்துக்குப் போய்வரலாமே என்று. நல்ல மனதோடு கேட்டதுதான். ஆனால் எங்கள் சபையில் முக்கால்வாசிப் பேர் வயதானவர்கள், தோட்ட வேலைக்காரர்கள். பஸ் ஏறி இறங்க முடியாதவர்கள் நிறையப் பேர். வாரம் முழுக்க யாரையும் பார்க்காமல் இருக்கிற தாத்தாவும் பாட்டியும் ஞாயிறு ஒன்பது மணிக்குத்தான் நாலு முகம் பார்க்கிறார்கள். ஜனவரியில் ஒரு ஞாயிறு, எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காரும் பெரியவரைக் காணவில்லை. ஆராதனை முடிந்ததும் வாலிபர் இரண்டு பேர் அவர் வீட்டுக்கு ஓடினார்கள். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். ஜீப்பில் ஏற்றிச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இப்போது நன்றாக இருக்கிறார். அந்த ஞாயிறு நாங்கள் கூடாமல் இருந்திருந்தால் அவர் வரவில்லை என்பது யாருக்குத் தெரிந்திருக்கும்? ஒரு சின்ன சபைக்கு வாராந்தர ஆராதனை என்பது இதையும் சேர்த்துத்தான். அதனால்தான் ஒரு ஞாயிறும் விடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தோம், விடவும் இல்லை. அந்த ஜீப்பை ஓட்டிய தம்பிக்கும், ராத்திரி ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் தனியாக நன்றி.

எங்கள் ஆயர் ஐயாவுக்குப் பல சபைகள். மாதம் ஒன்றிரண்டு ஞாயிறுகள்தான் மேலே வர முடியும், மற்ற ஞாயிறுகளில் சபை மூப்பர்கள் ஆராதனை நடத்துவார்கள். திருவிருந்துக்கு அவர் வந்தே ஆக வேண்டும். மலைப்பாதை மூடியிருந்த நாட்களில் குப்பனூர் வழியாக, மழைக்கோட்டோடு, டூ வீலரிலேயே வந்துசேர்ந்தார். திராட்சை ரசப் புட்டியைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்திருந்தார். ஆயரம்மாவுக்கு எவ்வளவு கவலையாக இருந்திருக்கும்! அம்மா, அனுப்பி வைத்ததற்கு நன்றி.

கரண்ட் வர நாள் பிடித்தது. கீபோர்டும் ஓட்டோடு போய்விட்டது. அந்த வாரங்களில் சுருதி பிடித்துக் கொடுத்தது எங்கள் பாடகர் குழுவின் மூத்த பாட்டி. கண் சரியாகத் தெரியாது, ஆனால் பாமாலையும் கீர்த்தனையும் மனப்பாடம். அவர் எடுத்துக் கொடுக்க, குடோனின் தகரக் கூரையில் மழை அடிக்க, நாங்கள் பாடினோம். தாளம் போடுவதற்கு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் காலி டின்னை எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் சேலத்திலிருந்து ஒரு சபை தங்கள் பழைய கீபோர்டையும் ஜமுக்காளங்களையும் அனுப்பியது. இன்னும் சில சபைகள் காணிக்கை எடுத்து அனுப்பின. கம்பம் கம்பமாக ஏறிக் கரண்டைக் கொண்டுவந்த லைன்மேன் தம்பிகளுக்கும் நன்றி. பனியில் விரல் விறைத்துப்போக வேலை செய்ததை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் கத்தோலிக்கக் கோயிலிலிருந்து பெஞ்சுகள் வந்தன. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து ஜனங்கள் கலைந்ததும், அங்கிருந்த இளைஞர்களே பெஞ்சுகளை டெம்போவில் ஏற்றி, எங்கள் ஐந்து மணி ஆராதனைக்கு முன்னால் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். அவர்களுக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை. கன்னியர் மடத்து அம்மாக்கள் குடிலுக்கு வேண்டிய சுரூபங்களைக் கொடுத்தார்கள். பேக்கரி பாய் கேக் அனுப்பினார். பணம் கொடுக்கப் போனபோது கல்லாப்பெட்டியை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அறுப்பின் பண்டிகை பிப்ரவரியில் நடந்தது. அதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. குடோன் முன்னால் இருந்த களத்திலேயே காணிக்கைப் பொருட்களைப் பரப்பினோம். பூசணி, வாழைத்தார், ஆரஞ்சு, காபித்தூள், கோழி, கைமுறுக்கு. நடுவில் ஒரு தாம்பாளத்தில் அந்த மிளகு. பச்சையாக வந்த சரங்களை அக்காமார் அடுப்படியிலும் வெயில் கண்ட நாட்களில் மொட்டை மாடியிலும் வைத்துக் காயவைத்து, புடைத்து, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டியிருந்தார்கள். ஏலம் தொடங்கியதும் முதல் பொட்டலத்தை ஊர்க்கவுண்டரே கேட்டார். அவர் கேட்ட விலைக்கு மேல் கேட்க யாருக்கும் மனமில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் சொல்லிக் கொடுத்தோம். வாங்கிய கையோடு அதைத் திரும்பத் தாம்பாளத்தில் வைத்து, "மறுபடி ஏலம் விடுங்க" என்றார். அடுத்து எடுத்தவரும் அப்படியே செய்தார். பேக்கரி பாய் எடுத்தார், அவரும் வைத்தார். அந்த ஒரே பொட்டலம் சாயந்திரம்வரை சுற்றி வந்தது. ஓய்வுநாள் பள்ளியில் மிகச் சின்னவள், தன் வீட்டுக் கோழி இட்ட ஒற்றை முட்டையைக் கொண்டுவந்திருந்தாள். அது கோழியை விட அதிக விலைக்குப் போனது. தன் முட்டை விலை ஏற ஏற அவள் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. கூரைச் செலவில் பெரிய பங்கு அன்று சேர்ந்ததுதான். வரவு செலவுக் கணக்கு முழுவதும் ஆலயத் தகவல் பலகையில் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம்.

பழைய மங்களூர் ஓட்டின் அச்சும் புது ஓட்டின் அச்சும் ஒன்றோடொன்று பூட்டவில்லை. மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிரிக்கிறார்கள் என்று கொத்தனார் அண்ணன்தான் துப்பு கொண்டுவந்தார். வீட்டுக்காரர் ஓட்டுக்கு விலை சொல்லவே மறுத்துவிட்டார். ஏற்றுக்கூலி மட்டும்தான் நாங்கள் கொடுத்தோம். தச்சு ஆசாரி குருத்தோலை ஞாயிறுக்குள் முடித்துத் தருகிறேன் என்றார், இடையில் மழையால் கொஞ்சம் தள்ளிப்போனாலும் பெரிய வெள்ளிக்கு முன்னால் முடித்துவிட்டார். கடைசி நாட்களில் பெட்ரோமாக்ஸ் வைத்துக்கொண்டு ராத்திரியும் வேலை பார்த்தார்கள். அந்த மழையில்தான் மலை முழுக்கக் காபி பூத்தது. வேலை செய்தவர்களுக்கு ராத்திரி டீ போட்டுக் கொடுத்த எதிர்வீட்டுக் குடும்பத்துக்கு எப்படி நன்றி சொல்ல!

மணி அடிக்கும் அண்ணனை எழுதாமல் விடக்கூடாது. மணிக்கூண்டு சாய்ந்து மணி கீழே கிடந்த அத்தனை வாரமும், அவர் ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கைமணியோடு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மூன்று லயன் வரிசை வீடுகளையும் சுற்றி நடந்து அடித்துக்கொண்டே வந்தார். லயனில் இருக்கும் மற்ற மதத்தார் ஒருவர்கூடத் தூக்கம் கெட்டது என்று முகம் சுளிக்கவில்லை. "மணிக்காரர் வந்துட்டார், கிளம்புங்க" என்று எங்கள் பிள்ளைகளை அவர்களே எழுப்பி அனுப்பினார்கள்.

மணிக்கூண்டு வேலை இன்னும் பாக்கி. மே மாதம் கோடை விழாக் கூட்டம் குறைந்ததும் தொடங்குகிறோம். ஞாயிறு ஆராதனை வழக்கம்போல ஒன்பது மணிக்கு, ஓய்வுநாள் பள்ளி எட்டரைக்கு, புதன் ஜெபக்கூட்டம் சாயந்திரம் ஆறு மணிக்கு, எல்லாம் ஆலயத்திலேயே. மே மாத முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உதவிய எல்லோருக்கும் மதிய சாப்பாடு வைத்திருக்கிறோம். எந்தக் கோயிலுக்குப் போகிறவர்களாக இருந்தாலும் குடும்பத்தோடு வாருங்கள். சைவச் சாப்பாடும் தனியாக உண்டு.

இன்னொன்று. பெரிய பித்தளை அண்டா ஒன்று, தார்ப்பாய் இரண்டு, பெயர் எழுதாத எவர்சில்வர் வாளி ஒன்று, இவை யாருடையவை என்று தெரியாமல் ஆலயத்து அறையில் இருக்கின்றன. அவசரத்துக்குக் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போயிருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கு வரும்போது அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சபைச் செயலாளர்,
சபையார் அனைவருக்காகவும்
ஏற்காடு