மிளகை நடக்க வைத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

பனிக்காலம் முடியப் போகிறது. என் நாய் மிளகு நான்கு கால்களும் முழுசாக என் காலடியில் படுத்துக் குறட்டை விடுகிறாள். இது தானாக நடந்துவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். உங்களில் சிலரிடம் வழியில் நின்று அரைகுறையாக நன்றி சொன்னேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்ததால் அதுவும் சரியாகக் காதில் விழுந்திருக்காது. அதனால்தான் இந்த மடல்.

மிளகைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. எடை நான்கு கிலோ, நிறம் பெயருக்கேற்ற கறுப்பு. மார்புக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூடக் கிடையாது. ஊருக்கெல்லாம் கணுக்கால் அளவு பனி என்றால் இவளுக்குக் கழுத்தளவு வெள்ளம். மற்ற நாய்கள் நடக்கும் இடத்தில் இவள் நீந்துவாள்.

எங்கள் வீட்டிலிருந்து பொதுச்சாலைக்கு ஒரே வண்டித்தடம்தான். அதன் ஒரு பக்கத்து வீட்டில் இரண்டு பெரிய நாய்கள் கட்டாமல் திரிந்தன. மறுபக்கத்தில், அந்தத் தடமே தன் பாட்டன் சொத்து என்று நம்புகிற மனிதர். முதல் வீட்டுக்காரரிடம் நாய்களைப் பற்றிப் பேசினால் "அவை ஒன்றும் செய்யாது" என்பார். நாய் வளர்க்கும் எல்லோரும் இதைக் கேட்டிருப்பீர்கள். அந்த நாய்களிடமும் யாராவது இதைச் சொல்லி வைத்திருக்கலாம்.

முதலில், பனி வாரும் வண்டி ஓட்டும் அண்ணனுக்கு.

அன்று காலை இன்னும் சரியாக விடியவில்லை. புதுப்பனி ஓசையை விழுங்கிவிடும் என்பதால் அந்த இரண்டும் ஓடி வந்தது எனக்குக் கேட்கவே இல்லை. திரும்பியபோது பத்தடி தூரத்தில் இருந்தன. மிளகைத் தூக்கி மார்போடு அணைத்தேன். அது தப்பு என்று இப்போது தெரியும். தூக்கினால் பெரிய நாய் பாயத்தான் செய்யும். பாய்ந்தது. மல்லாக்க விழுந்தேன். பனி கழுத்துக்குள் இறங்கியது. மிளகு ஒரு முறைதான் கத்தினாள். அதன் பிறகு சத்தமே இல்லை. அந்த அமைதியைத்தான் இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அப்போதுதான் உங்கள் வண்டி வளைவில் திரும்பியது. ஹாரனை அழுத்திய கையை நீங்கள் எடுக்கவே இல்லை. வண்டியை எனக்கும் நாய்களுக்கும் நடுவில் குறுக்காக நிறுத்தி, முன்னால் இருக்கும் அந்த இரும்புத் தகட்டைத் தரைவரை இறக்கினீர்கள். ஆள் உயரத்துக்கு ஒரு மஞ்சள் சுவர் திடீரென்று முளைத்தது போல இருந்தது. இறங்கி வந்து, கேள்வி எதுவும் கேட்காமல், உங்கள் கையுறையைக் கழற்றி அதற்குள் மிளகின் பின்னங்கால்களை நுழைத்தீர்கள். உங்கள் ஒரு கையுறைக்குள் என் நாயில் பாதி அடங்கிவிட்டது. அந்தக் கையுறை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. துவைத்து வைத்திருக்கிறேன். தடத்தின் இரு ஓரத்திலும் ஆரஞ்சு நாடா கட்டிய கம்புகளை நட்டதும் நீங்கள்தான். வண்டிச் சக்கரம் பள்ளத்தில் இறங்காமலிருக்கத்தான் நட்டேன் என்று சொன்னீர்கள். இருக்கட்டும். மூடுபனியில் பள்ளம் எங்கே, பாதை எங்கே என்று தெரியாத நாட்களில் கம்பிலிருந்து கம்புக்கு எண்ணிக்கொண்டே நாங்களும் வீடு வந்து சேர்ந்தோம்.

கால்நடை மருத்துவர் அம்மாவுக்கு அடுத்த நன்றி. மிளகின் முதுகில் இரண்டு சின்னத் துளைகள்தான் தெரிந்தன. மருந்து தடவினால் போதும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் மயிரை மழித்துவிட்டு, தோலை விரலால் மெல்லத் தூக்கிக் காட்டினீர்கள். பெரிய நாய் சின்ன நாயைக் கவ்வி உலுக்கினால் தோல் இழுபட்டுக் கொடுக்கும், அடியில் இருக்கும் தசை கிழியும். வெளியே ஊசித்துளை, உள்ளே பை போல் இடைவெளி. அங்கே சீழ் கட்டிய பிறகு வருகிறவர்கள்தான் அதிகம் என்றீர்கள். எக்ஸ்ரே எடுத்து விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணினீர்கள். மூன்றாம் நாள் "இவள் என்னை மன்னித்துவிட்டாளா?" என்று கேட்டது நீங்கள். மிளகு உங்கள் கையைக் கடிக்கப் பார்த்தாள். அவள் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

அத்தோடு எனக்கும் பாடம் நடத்தினீர்கள். உடம்பு சின்னதாக இருக்க இருக்க, எடைக்கு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம். சூடு அவ்வளவு வேகமாக வெளியேறும். மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே போனால் இவளுக்குச் சட்டை போடு, நடையைச் சுருக்கு. மைனஸ் 12க்குக் கீழே வாசலோடு நிறுத்திக்கொள். நடுங்கினால் திரும்பு, நடுங்கிக்கொண்டிருந்தவள் வீட்டுக்கு வருமுன்னே நடுக்கம் நின்று சோர்ந்துவிட்டால் இன்னும் வேகமாகத் திரும்பு. பாதம் ஏன் சட்டென்று உறைவதில்லை என்பதற்கு நீங்கள் தந்த விளக்கத்தைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: காலுக்குள் கீழே இறங்கும் சூடான ரத்தமும் மேலே ஏறும் குளிர்ந்த ரத்தமும் ஒட்டிய குழாய்களில் ஓடுகின்றன, இறங்குவது ஏறுவதற்குச் சூட்டைக் கொடுத்துவிடுகிறது. ஆகவே நாய் ஒரு காலைத் தூக்கி நின்றால் குளிர் என்று மட்டும் முடிவு கட்டாதே, விரலிடுக்கைப் பார்.

பார்த்தேன். விரல்களுக்கு நடுவில் பட்டாணி அளவில் பனி உருண்டைகள், மயிரோடு சேர்ந்து இறுகிக் கிடந்தன. பிய்த்தால் மயிரும் தோலும் சேர்ந்து வரும். இப்போதெல்லாம் வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள கிண்ணத்தில் ஒவ்வொரு பாதமாக முக்கி வைப்பது வழக்கமாகிவிட்டது. உருண்டை கரையும்போது மிளகு கண்ணை மூடிக்கொள்வாள். கிண்ணத்தின் அடியில் கடைசியில் உப்பும் மண்ணும் தங்கும்.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பது பாட்டன் சொத்துக்காரர் கதை. பனியை உருக்க உப்பு தூவுவது ஊர் வழக்கம்தான். இவர் தூவவில்லை, கொட்டினார். அதுவும் நாங்கள் நடக்கும் ஓரத்தில் மட்டும். ஒரு நாள் டிராக்டரால் தன் முற்றத்துப் பனியையெல்லாம் தள்ளிக்கொண்டு வந்து தடத்தின் வாயில் குவித்தார். கேட்டால், என் நாய் அவருடைய வேலியோரம் முழுக்க அசிங்கம் செய்கிறது என்று புகார். வெள்ளைப் பனியில் மஞ்சள் கறைகள். எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருந்தார். அவற்றில் ஒன்று மிளகின் கைவண்ணம்தான், ஒத்துக்கொள்கிறேன். நீள வாரை நான் இழுத்துப் பிடிக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாள் அது. ஆனால் படங்கள் பதினேழு!

இங்கே நன்றி, பள்ளிக்கூடம் போகும் வழியில் நின்று இந்தத் தகராறைக் கேட்டுக்கொண்டிருந்த சின்னப் பெண்ணுக்கு. பையைக் கீழே வைத்துவிட்டு வேலியோரம் குனிந்து போனாய். "இது நாய் இல்லை, நரி" என்றாய். நரி போனால் காலடித்தடம் கயிறு பிடித்தது போல ஒரே கோட்டில் போகும். பின்னங்கால் முன்னங்கால் வைத்த குழியிலேயே விழும். வீட்டு நாய் குடிகாரன் மாதிரி அங்குமிங்கும் அலையும். நீ அவரைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப்போய், கறைக்குக் கறை அந்த நேர்கோட்டைக் காட்டினாய். நடுக்குளிர்காலம் நரிகள் ஜோடி சேரும் பருவம், அப்போது அதன் சிறுநீர் நாறும், முகர்ந்து பாருங்கள் என்று சொன்னாய் பார், அதுதான் உச்சம். அவர் முகரவில்லை. ஆனால் படங்களை எனக்குக் காட்டுவதை அன்றோடு நிறுத்திவிட்டார்.

பழைய நில வரைபடத்தைப் பிரித்து, தடம் பொதுவழி என்று அவரிடம் குரலை உயர்த்தாமல் விளக்கிய அலுவலருக்கும் நன்றி. குளத்தைக் குறுக்கே கடக்கப் போன என்னைக் கத்தி நிறுத்திய மீன்பிடிக்கும் தம்பிக்கும். நடக்கத் தெளிவான பனிக்கட்டி 10 சென்டிமீட்டராவது வேண்டும், மேலே விழுந்த பனி போர்வை போலக் கிடந்து அடியில் கட்டி தடிக்க விடாது என்றாயே. துளை போட்டு அளந்தபோது உன் விரல் நீளத்தில் பாதிகூட இல்லை. அன்றிலிருந்து சுற்றுவழியில்தான் போனேன்.

கார் ரேடியேட்டரில் ஊற்றும் உறைதடுப்புத் திரவம் பனியில் பச்சையாகச் சிந்திக் கிடந்ததைப் பார்த்து, நான் வருமுன் மண்ணோடு வெட்டி எடுத்தது யாரென்று இதுவரை எனக்குத் தெரியாது. அது தித்திக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும், சில மணி நேரத்துக்குள் முறிமருந்து கொடுத்தால்தான் உண்டு. மண்வெட்டி வைத்திருந்த அந்தக் கைக்கு வணக்கம்.

பெரிய நாய்கள் இருந்த வீட்டு அம்மாவுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்கள் வீட்டுக்காரர் இன்னும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆனால் அந்தக் காலைக்குப் பிறகு, நாங்கள் கிளம்பும் நேரத்தில் உங்கள் சமையலறை விளக்கு எரியும். சற்று நேரத்தில் இரண்டு நாய்களும் உள்ளேயிருந்து குரைக்கும். ஒரு நாள்கூடத் தவறவில்லை. புயலடித்த நாளில் நாங்கள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தோம். அன்றும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கடைசியாகப் பாட்டிக்கு.

தடத்தை அடைத்துப் பனி குவிந்த மறுநாள், நீங்கள் கைத்தடியால் உங்கள் வயலைக் காட்டி, "இந்தப் பக்கமாகப் போ" என்றீர்கள். அவ்வளவுதான். வயலில் முழங்கால் அளவு பனி. மிளகு எப்படிப் போவாள் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. சாயங்காலம் ஜன்னல் வழியே பார்த்தால், அகலமான பனிச்செருப்புகளைக் கட்டிக்கொண்டு வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டிருந்தீர்கள். திரும்பி வந்தீர்கள். மறுபடி போனீர்கள். மிதித்த பனி ராத்திரியில் இறுகிக் கல்லாகிவிடும், காலையில் மேலே நடக்கலாம் என்று பிறகு சொன்னீர்கள். ஒவ்வொரு புதுப்பனிக்கும் மறுபடி மிதித்தீர்கள். உங்கள் வயது எனக்குத் தெரியும். நானும் கூட மிதிக்கிறேன் என்றதற்கு, உன் நடை கோணல் என்று துரத்திவிட்டீர்கள்.

மிளகுக்கு வாங்கிய நான்கு சிவப்புப் பாதுகைகளில் ஒன்று உங்கள் வயலில்தான் எங்கோ புதைந்தது. கிடைத்தால் சொல்லுங்கள். மற்ற மூன்றையும் அவள் போட்டுக்கொள்வதாக இல்லை.

நேற்று வயல் முழுக்கக் கரைந்து, பழுப்பு நிறப் புல் தெரிந்தது. நீங்கள் மிதித்த இடம் மட்டும் கரையவில்லை. ஒரு முழ அகலத்தில், வயலின் குறுக்கே, நேராக ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு பக்கமும் காய்ந்த தரை இருக்க, மிளகு அந்தக் கோட்டை விட்டு இறங்க மாட்டேன் என்று அதன் மேலேயே கடைசிவரை நடந்தாள்.

அன்புடன்,
மிளகைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்