மாத்திரை மூட்டையும் மஞ்சள் அட்டையும்

நரிமேடு, மதுரை
நவம்பர் 14

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. பிசியோதெரபி பையனைத் திட்டாதே. வார்டில் எத்தனை பேரை "எந்திரிச்சு நடங்க பாட்டி" என்று நாம் விரட்டியிருப்போம், இப்போது உன் முறை. பேரனை போடியிலேயே பள்ளியில் சேர்த்தது நல்லது. உனக்கும் பேச்சுத்துணை.

"இந்த வயசுல ஆப்பிரிக்காவாடி? மதம் மாத்தப் போறியா, ஊசி போடப் போறியா?" என்று கேட்டிருந்தாய். உனக்கு மட்டும்தான் இப்படி முகத்துக்கு நேரே கேட்க வரும்.

எங்கள் சபையின் மருத்துவ முகாம் குழுவோடு போவது உகாண்டா, ஜனவரியில். மழை இல்லாத மாதம். ஜிஞ்சா என்ற ஊருக்கு வெளியே, அங்குள்ள சபை நடத்தும் ஒரு சின்ன சுகாதார நிலையம். விக்டோரியா ஏரியிலிருந்து நைல் நதி கிளம்புகிற இடம் ஜிஞ்சா. காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதியை 1948-இல் அங்கேயும் கரைத்தார்களாம். நம் காந்தி மியூசியத்தில், சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த அந்தத் துணியைப் பார்த்துவிட்டு, தமுக்கம் வரை நீ ஒரு வார்த்தை பேசாமல் நடந்தாயே, அதுதான் ஞாபகம் வந்தது.

மதம் மாற்றுகிற பேச்சுக்கு அங்கே வேலையே இல்லை. உகாண்டாவில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். 1886-இல் விசுவாசத்துக்காக நமுகொங்கோவில் உயிரோடு எரிக்கப்பட்ட இளைஞர்களின் நாடு. சர்வாதிகாரி இடி அமீன் காலத்தில், 1977-இல், பேராயர் ஜனானி லுவுமைக் கொன்றார்கள். அவர்களுக்கு விசுவாசத்தைப் பற்றிப் பாடம் எடுக்க நரிமேட்டிலிருந்து ஆள் போக வேண்டியதில்லை. ஆனாலும் எங்கள் குழுவில் ஒருவர் பெட்டி நிறையத் துண்டுப்பிரதி அடிக்கக் கிளம்பினார். "மருந்துக்கு வரிசையில் நிற்கிறவன் கையில் நீட்டினால் அவன் எப்படி வேண்டாம் என்பான்?" என்று கேட்டேன். கூட்டத்தில் கொஞ்ச நேரம் சத்தம். கடைசியில், நோயாளி கேட்டால் ஜெபம், கேட்காவிட்டால் சிகிச்சை மட்டும் என்று ஆயர் முடித்துவைத்தார்.

ஊசியைப் பற்றிக் கேட்டாயே, முதல் ஊசி எனக்குத்தான் விழுந்தது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். திரும்பி வரும்போது ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் நம் ஊர் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனியாக உட்கார வைத்துவிடுவார்கள். அதற்காகப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய், தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். அறுபது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு கொஞ்சம் அதிகம் என்பதால் முட்டை அலர்ஜியில் தொடங்கி என் ஜாதகத்தையே கேட்டார் டாக்டர். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும். முன்பெல்லாம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை போட வேண்டும், 2016-இலிருந்து ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும். என் ஆயுசுக்குத் தாராளம்.

மலேரியாவுக்கு டாக்சிசைக்ளின். கிளம்புவதற்கு முதல் நாள் ஆரம்பித்து, திரும்பி வந்த பிறகும் நாலு வாரம் விழுங்க வேண்டும். மாத்திரை போட்டதும் படுக்கக் கூடாது என்பதை வாலிபப் பிள்ளைகளுக்கு நூறு தடவை சொல்லிவிட்டேன். ஏரியைப் பார்த்ததும் குதித்துவிடாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். விக்டோரியா ஏரித் தண்ணீரில் நத்தை வழியாகப் பரவும் ஒரு புழு இருக்கிறது, காலை நனைத்தாலே தோல் வழியாக உள்ளே போய்விடும்.

இதெல்லாம் எளிது. பெரிய தலைவலி மருந்து மூட்டைதான்.

மருந்து கொடுக்கலாம் என்று சபையில் அறிவித்ததும் பெண்கள் ஐக்கியத்து ஹாலில் மலையாகக் குவிந்துவிட்டது. டாக்டர்கள் கொடுத்த சாம்பிள், பாதி தீர்ந்த இருமல் சிரப், எக்ஸ்பயரி தேதி இருந்த முனையையே கத்தரித்துவிட்ட ஸ்ட்ரிப். ஒரு அம்மா, போன மாதம் இறந்துபோன கணவரின் மாத்திரைகளை அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். இரண்டு கையாலும் நீட்டினார். அதை எப்படி வேண்டாம் என்பது? வாங்கி உள்ளே வைத்தேன், ஆனால் பெட்டியில் போடவில்லை.

எதையுமே போடவில்லை. உலக சுகாதார நிறுவனம் நன்கொடை மருந்துக்குத் தெளிவாக விதி வைத்திருக்கிறது. போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருஷம் ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும், சாம்பிளும் நோயாளிகள் திருப்பிக் கொடுத்ததும் கூடாது. உகாண்டாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் முன்கூட்டியே அனுமதியும் வாங்க வேண்டும். "நல்ல மனசோட குடுக்குறாங்க, விதி பேசுறீங்களே சிஸ்டர்" என்று ஒருவர் சங்கடப்பட்டார். சுனாமி சமயத்தில் நாகப்பட்டினத்தில் ரோட்டோரம் பழைய துணி நனைந்து அழுகிக் கிடந்ததே, அதுவும் நல்ல மனசோடு வந்ததுதான். அதே சுனாமியில் இந்தோனேசியாவின் ஆச்சேயில் மருந்துக்கும் அந்தக் கதிதான், டன் கணக்கில் அழிக்க வேண்டிவந்தது.

அதனால் மருந்து இங்கிருந்து போகாது. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஜாயின்ட் மெடிக்கல் ஸ்டோர் என்று ஒன்று இருக்கிறது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்களும் சேர்ந்து 1979-இல் தொடங்கியது, மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் மருந்து அங்கிருந்துதான். அந்தச் சுகாதார நிலையத்து நர்ஸிடம் பட்டியல் கேட்டோம், காணிக்கைப் பணத்தில் அங்கேயே வாங்கப்போகிறோம். அவர் கேட்ட பட்டியலில் முதல் வரியில் இருந்தது மருந்தே இல்லை, நல்ல பி.பி. கருவி இரண்டு.

ஒத்திகையாகப் போன மாதம் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் முகாம் போட்டோம். பி.பி., சுகர் மேசையில் நான். ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார், கையையே நீட்டவில்லை. "எனக்கு மாத்திரை வீட்டுக்கே வந்துருது தாயி. கண்ணாடி இருந்தா குடு." அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் வந்த பிறகு அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். எங்களிடம் பிளஸ் ஒன்றிலிருந்து மூன்று வரை பவர் உள்ள, கிட்டத்துப் பார்வைக்கான கண்ணாடிகள் கொஞ்சம் இருந்தன. எழுத்து தெரியாதவருக்கு எழுத்து அட்டை எதற்கு? ஊசியும் நூலும் கொடுத்தேன். பிளஸ் இரண்டை மாட்டியதும் ஒரே குத்தில் கோர்த்துவிட்டார். அப்புறம் என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "உனக்கும் வயசாயிருச்சே" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்ற அந்தப் பாட்டியின் முதல் பேச்சுதான் மனதில். ஜிஞ்சாவில் ஒருவருக்கு பி.பி. பார்த்து ஒரு மாத மாத்திரை கொடுத்துவிட்டு விமானம் ஏறினால், அடுத்த மாதம் அவருக்கு யார் கொடுப்பது? யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் இங்கேயே தங்கினார்கள், தமிழ் படித்தார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி டாக்டர் கிரீன் பையன்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். கம்பாலாவில் ஆங்கிலேய மிஷனரி டாக்டர் ஆல்பர்ட் குக் 1897-இல் மெங்கோ மருத்துவமனையைத் தொடங்கி, 1951-இல் அந்த ஊரிலேயே இறந்தார். அவர் மனைவி கேத்தரின் நம்மைப் போல நர்ஸ், மருத்துவச்சிகளுக்குப் பள்ளி வைத்தவர். நாங்கள் போவது இரண்டு வாரம்கூட இல்லை. இதைச் சொன்னால் குழுவில் சிலருக்கு முகம் சுருங்குகிறது. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அதனால் திட்டத்தை மாற்றவைத்தேன். புதிதாக யாருக்கும் பி.பி. மாத்திரை நாங்களாக ஆரம்பிப்பதில்லை. கண்டுபிடித்து, அந்த நர்ஸின் நோட்டில் எழுதிவைத்து, அவர் கையால் தொடங்க வேண்டும். பாதி நாள் முகாம், பாதி நாள் அங்குள்ள ஊழியர்களோடு உட்கார்ந்து வேலை. எங்கள் டாக்டர்கள் இருவரும் அந்நாட்டு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவுக்கு எழுதியிருக்கிறார்கள். அது வராவிட்டால் ஸ்டெத்தைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். எல்லோரும் என்னை இப்போது "மேட்ரன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள், பாசத்தோடு என்று நினைத்துக்கொள்கிறேன்.

சரி, உன்னிடம் ஒரு வேலை. கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது மருந்துக் கவரில் சூரியன், நடுப்பகல், நிலா என்று படம் வரைந்து கொடுப்பாயே, அது எங்களுக்கு வேண்டும். அந்தப் பக்கம் லுசோகா பேசுகிறார்கள், எழுதினால் படிக்க முடியாதவர்களும் வருவார்கள். காலை நீட்டி உட்கார்ந்தபடி வரையலாம், முட்டிக்கு ஒன்றும் ஆகாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், டவுன்ஹால் ரோட்டில் அச்சடித்துக்கொள்கிறேன். நிலாவை மட்டும் கொஞ்சம் பார்த்து வரை. அந்தக் காலத்தில் நீ வரைந்தது வாழைப்பழம் மாதிரி இருக்கும், ராத்திரி மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்து முழுங்கிய கிழவரை நான் மறக்கவில்லை.

அன்புடன்,
ஜெயசீலி